பலகையைத் திருப்பிப் பார்த்தவர்

போன ஆடியில், தூறல் விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கிண்டித் தொழிற்பேட்டை அருகே பழைய மெஷின் விற்பவரிடம், மரம் அறுக்கும் ஜிக்சா மெஷின் வாங்கப் போனேன். உடைந்த நாற்காலிக்குப் புதுக் கை வளைத்து வெட்ட என்னிடம் ஒரே ஒரு தேக்குப் பலகைதான் இருந்தது. அதையும் எடுத்துப் போயிருந்தேன்.

ஒல்லியான மனிதர், புருவமெல்லாம் மரத்தூள். எந்த மெஷினையும் தடித்த கட்டையில் ஓட்டுவார். பிறகு கட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். எனக்குப் பிடித்த ஜிக்சா பென்சில் கோட்டிலேயே போனது. அடியில் வெட்டு அரை விரல் விலகியிருந்தது. பிளேடைத் தாங்கும் உருளை தேய்ந்துவிட்டதாம்.

“மேல பாத்தா ராஜா. கீழ பாரு நைனா! இத்த எட்த்துனு போனா உன் பலகை காலி.”

அடுத்து, பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டுபவர் ஒருவர் வந்தார். அவருக்கு அதையே விற்றார். அவரிடம் அந்தக் குறையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அவரு வெட்றது அட்டை மாதிரி பிளைவுட்டு. அதுல பிளேடு சாய எங்க எடம் கீது?”

நல்லது வந்தால் எடுத்து வைப்பதாகச் சொன்னார். பெயரோ போன் நம்பரோ கேட்கவில்லை. என் பலகையின் கனத்தை மட்டும் விரலால் பிடித்துப் பார்த்தார்.

ஆவணியில் போனபோது என்னை யாரென்றே தெரியாமல் விழித்தார். பலகையை நீட்டினேன். விளிம்பைத் தொட்டவர், உள்ளே போய் எடுத்து வைத்திருந்த ஜிக்சாவைக் கொண்டு வந்தார்.