சோற்றுக்கு முன் ஒரு நன்றி

லா சப்பலில் ஓர் உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் நானும் என்னைப் போல ஊரிலிருந்து வந்த ஒருத்தியும் ஒன்றாக வெங்காயம் உரித்தோம். யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். பாரிஸில் அந்தப் பட்டத்தால் ஒரே ஒரு பிரயோசனம்தான் இருந்தது: கை வேலை செய்யும்போது வாய் கதை சொல்லும்.

அவளுக்குப் பிடித்தவை விக்டோரியா மகாராணி காலத்து நாவல்கள். எல்லாவற்றிலும் ஒரு ஏழைப் பிள்ளை இருக்கும். அநாதை விடுதியில் தண்ணீர்க் கஞ்சி, புகைபோக்கிக்குள் வேலை, நடைபாதையில் தூக்கம். வயிறு பெருத்த கனவான்கள் வந்து பார்த்து, "நன்றியோடு இருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கேள்வி வரும் இடங்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குக் கோபமெல்லாம் வராது. கத்தியை நிறுத்தி ஒன்றை மட்டும் கேட்பாள்.

"பிறகு அந்தப் பிள்ளை சாப்பிட்டதோ அக்கா?"

ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். கணவனைப் போரின் கடைசி மாதங்களில் இழந்தவள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் இவளை மட்டும்தான் கொண்டுவந்தான். எட்டு வயது மகள் வன்னியில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தாள். "கார்த் கிடைச்ச உடனை கூப்பிட்டிடுவன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கார்த், அதுதான் வதிவிட அனுமதி அட்டை, வருவதாக இல்லை. மகளை இல்லத்தில் விட்டிருப்பதை வெட்கத்தில் என்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இங்கே பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் ஊரில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பார்கள். இல்லத்தார் அதை வீடியோ எடுத்து அனுப்புவார்கள். முதலாளி தன் மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு எந்த இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று விசாரித்தபோது, இவள் மெல்ல ஒரு பெயரைச் சொன்னாள். அங்கே இருக்கும் தன் மகளுக்கு ஒருநாள் கோழிக்கறி கிடைக்கும், தனக்கு அவள் முகம் கிடைக்கும். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

விழா பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவ்வில் ஒரு மண்டபத்தில் நடந்தது. இருந்த ஒரே பட்டுச் சேலையை உடுத்துக்கொண்டு, திரை தெரியும் இடமாகப் பார்த்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேக் வெட்டுவதற்கு முன் வீடியோ போட்டார்கள். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் இருந்தார்கள். முன்னால் தட்டுகளில் சோறும் கறியும். ஒரு கையும் தட்டில் இல்லை. முன்பின் பார்த்திராத குழந்தைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோருக்குமாக ஒரு சிறுமி எழுந்து கைகூப்பினாள்.

"எங்களுக்கு உணவு தந்த தங்கச்சி நீடூழி வாழ்க. நன்றி, நன்றி."

என் முழங்கையை இவள் இறுக்கிப் பிடித்ததில் அது யார் என்று விளங்கிவிட்டது. திரை அணைந்தது. கைதட்டினார்கள். "பாவங்கள்" என்று யாரோ கண்ணைத் துடைத்தார்கள். பிறகு எல்லோரும் கேக் பக்கம் திரும்பினார்கள். இவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டாள்.

"சாப்பிட்டதைக் காட்டேல்லையே அக்கா. சாப்பிட்டிருப்பாளோ?"

நாவல் என்றால் என்னிடம் பதில் இருந்திருக்கும். அந்தக் காலத்து எழுத்தாளர்கள் பிள்ளையின் தட்டில் என்ன விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்று கிட்ட நின்று பார்த்து எழுதினார்கள். எங்கள் வீடியோவுக்கு நன்றி மட்டும் போதுமாக இருந்தது. "ஓம், சாப்பிட்டிருப்பாள்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் இல்லத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். அந்த ஞாயிறு சமையலறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்பிட்டனியோ பிள்ளை? கோழிக்கறி சாப்பிட்டனியோ?"

"அம்மா, வீடியோ பாத்தனீங்களோ? நான் வடிவா நன்றி சொன்னனானோ? பிழை விட்டால் திருப்பித் திருப்பி எடுப்பினம். சோறு ஆறிப்போச்செண்டு மற்றப் பிள்ளையள் என்னை ஏசுவினம்."



"ஓம் பிள்ளை, நல்ல வடிவாச் சொன்னனீ" என்றாள்.

போனை வைத்துவிட்டு வந்து வெங்காயக் கூடையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கதை கேட்கவே இல்லை.