திருப்பிப் போட்ட ஜாக்கெட்

பைக்கில் அடுகோடியைத் தாண்டுகையில் தூறியபோது என் புது மழை ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடியது. எலெக்ட்ரானிக் சிட்டியை நெருங்கும்போது மழை வலுத்து, ஜிப் வழியாக இறங்கி நெஞ்சை நனைத்துவிட்டது. எரிச்சலோடு மேம்பாலத்தின் கீழ் பைக்கை நிறுத்தினேன்.

பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒரு டெலிவரிக்காரர். அதே மாதிரி ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டிருந்தார். ஜாக்கெட்டோடு சேர்த்துத் தைத்த தொப்பி தாடைக்குக் கீழே தொங்க, அதில் மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. அதைக் கவிழ்த்துக் கொட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, தொப்பி தலைக்குங்க!”

“தலைக்குத்தான் ஹெல்மெட் இருக்கே சார். காத்தும் மழையும் முன்னாடிலருந்துதானே வருது? அங்க போய் யாராச்சும் ஜிப்பு வைப்பாங்களா?”

ஜாக்கெட்டைக் கழற்றி உதறினார். சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஒரு சொட்டு ஈரமில்லை.

இப்போது நானும் திருப்பித்தான் போடுகிறேன்; நெஞ்சு நனைவதில்லை. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் தொப்பித் தண்ணீரைக் கொட்டும்போது அவர்மேல்தான் கோபம் வருகிறது.