லூர்து அக்காவுக்குக் கொடுக்காத ஜன்னல்

லூர்து அக்கா போயிட்டாங்க...

நேற்று காலை கம்பெனி பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பேக்கிங் செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வரி மெசேஜ்.

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஆறு வருஷம் ஒரே பேக்கிங் லைன், பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். எனக்குக் காய்ச்சல் என்றால் என் பெட்டிகளுக்கும் அவரே டேப் ஒட்டிவிடுவார்.

பஸ்ஸில் அக்காவுக்கு எப்போதும் ஜன்னல் சீட். வேடிக்கை பார்க்க இல்லை... வழியில் எங்கே வீடு இடிக்கிறார்கள் என்று பார்க்க.

அவரும் மகள் ஸ்டெல்லாவும் மட்டும்தான். கும்மிடிப்பூண்டி ரோட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தார். எல்லாமே புதுசாக வாங்க முடியாது. இடிக்கிற வீடுகளில் கதவு, சிங்க், குழாய், கிரில் என்று கேட்டு வாங்கிவந்து பொருத்துவார்.

ஒருநாள் வாஷ்பேசினை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

டிரைவர் கேட்டார், "இன்னாக்கா, அதுக்கும் அட்டெண்டன்ஸ் போடணுமா?"

"போடு நைனா. உன்னவிட ஒழுங்கா வேல பாக்கும்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவரும் சேர்ந்துதான்.

எந்தச் சாமானாக இருந்தாலும் அது வந்த வீட்டின் பெயரைத்தான் வைப்பார். ஆரணியில் ஒரு டீச்சர் வீட்டை இடித்தபோது வந்த கதவு, டீச்சர் கதவு. "ஸ்டெல்லா, டீச்சர் கதவ சாத்துடி" என்பார். சிங்க்குக்குப் பெயர் கம்பவுண்டர் சிங்க். ஏன் அக்கா இப்படி என்று கேட்டால், "குடுத்தவங்க பேர சொல்றதுல இன்னா கொறஞ்சி போவுது" என்பார்.

எங்கள் வீட்டை ஆல்டர் செய்ய ஆரம்பித்தபோது பார்க்க வந்தார். முன்ரூமில் மாமனார் காலத்துத் தேக்கு ஜன்னல். மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலு கதவு. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஸ்லைடிங் போடப் போகிறோம் என்றேன்.

அக்கா அதன் முன்னாலேயே நின்றார்.

"சுதா, இத எனக்குக் குடேன். நைட் ஷிப்ட் முடிச்சி வந்து பகல்ல படுத்தா, தொறந்து வெச்சா ரோட்ல போறவன் பாக்குறான், மூடினா வேக்காடு. இதுன்னா கீழ்க்கதவ சாத்திக்கினு மேல மட்டும் தொறந்து வெச்சிப்பேன். நிம்மதியா தூங்குவேன்."

"உங்களுக்குத்தான் அக்கா, எடுத்துக்கோங்க" என்றேன்.

பையில் இருந்த பேக்கிங் கயிற்றை எடுத்து அகலத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு போட்டார். அடுத்த வாரமே அவர் வீட்டுச் சுவரில் அந்த அளவுக்கு இடம் விட்டுக் கட்டியாகிவிட்டது. ஜன்னல் இன்னும் கைக்கு வரவில்லை. என் பேச்சை நம்பிக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பழைய சாமான்காரர் வந்தார். வீடெல்லாம் தூசி. மேஸ்திரி ஒருபக்கம் உயிரை எடுக்கிறார். எனக்கு மண்டை இடி.

"இந்த ஜன்னலையும் எடைக்குப் போடறீங்களா மா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கினு போப்பா, இடம் காலியானா போதும்" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். மறக்கவில்லை. அந்த நேரத்தில் அக்கா எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை... அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா டாட்டா ஏஸோடு வந்து நின்றார். "இவர் தெரியாம எடைக்குப் போட்டுட்டார் அக்கா" என்று வீட்டுக்காரர் தலையில் கட்டினேன். அவர் அப்போது டியூட்டியில் இருந்தார். இதைப் படித்துத்தான் அவருக்கே தெரியப்போகிறது.

அக்கா டாட்டா ஏஸ்காரரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். அப்புறம், "சரி வுடு. அதுக்காக தம்பிகிட்ட சண்ட போட்டுக்கினு இருக்காத" என்றார். காலி வண்டியில் ஏறிப் போனார்.

சுவரில் விட்டிருந்த அந்த இடத்தை ஏதோ ஒரு காதுகுத்து பிளெக்ஸ் பேனரால் மூடி ஆணி அடித்தார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். அந்த அளவுக்கு வேறு ஜன்னல் எதுவும் அமையவில்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவார். "பகல்ல கண்ண மூட முடியல சுதா, ஒரே பேஜாரு" என்பார். அப்போதுகூட நான் சொல்லவில்லை. ஒரு ஜன்னல் செய்து கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எதுக்கு என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டிவருமே என்று பயந்தேன்.

இன்று போனேன்.

முன்ரூமில் பெட்டியில் வைத்திருந்தார்கள். கூட்டம்... உள்ளே மூச்சு முட்டியது. டீச்சர் கதவு திறந்திருந்தும் காற்றே இல்லை. ஸ்டெல்லா அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

"மாமா, அந்த சுதா ஜன்னல தொறந்து வுடுங்க. அம்மாக்குக் காத்து வரட்டும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் எழுந்துபோய் அந்த பிளெக்ஸைப் பிய்த்தார்.

வெறும் ஓட்டை. அதற்கும் அக்கா பெயர் வைத்திருந்தார்... என் பெயர்.

காற்று வந்தது. அக்கா முகத்தில் வெயில் விழுந்தது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் அடக்கம் முடிந்தது.

அக்கா... தம்பியோடு சண்டை போடாதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் சண்டை போட்டிருக்க வேண்டியது என்னோடுதான் அக்கா.

போய் வாங்க.