பிக்கரிங் ரயிலில் ஓர் உலகப் போர்

காலை 8.10. பிக்கரிங்கில் ரயில் ஏறினோம். டொரண்டோ நடுநகருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், எட்டு டாலர் சொச்சம். அதை ரூபாயாக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வதை வந்த இரண்டாம் வாரமே விட்டுவிட்டேன்.

உடன் வந்தவள் வசந்தி. என் மகள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி, வயது நாற்பத்தெட்டு. குடியுரிமைத் தேர்வில் இரண்டு முறை தவறியவளுக்கு இன்று அதிகாரி முன் நேர்முகம். தேறினால் கனடா பாஸ்போர்ட். அது கைக்கு வந்தால்தான், அகதியாக விட்டுவந்த ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அக்காவைப் போய்ப் பார்க்கலாம். திருச்சியில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவள் என்பதால் மகள் என்னைத் துணைக்கு அனுப்பினாள். டீச்சரான நான் வசந்தி வாயில் 'ரீச்சர்'.

இரண்டாம் உலகப் போர்தான் வசந்திக்கு உதைத்தது. எனக்கோ தண்ணீர் பட்ட பாடு.

"ஜெர்மனி சர்வாதிகாரி முதல்ல ஆஸ்திரியாவை எடுத்துக்கிட்டான். அப்புறம் செக் நாட்டுல ஒரு பகுதியைக் கேட்டான். பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி சர்வாதிகாரி எல்லாரும் கூடி உட்கார்ந்து கொடுத்துட்டாங்க. மறு வருஷம் போலந்துக்குள்ள புகுந்தான். போர் வந்துடுச்சு."

"ஏன் ரீச்சர் குடுத்தவை?"

"போர் வரக்கூடாதுன்னு."

"குடுத்ததாலதானே வந்தது?"

"ஆமா."

"குடுக்காட்டி?"

"அப்பவும் வந்திருக்கும். ஒருவேளை வந்திருக்காது."

"செக் சனம் ஓம் எண்டவையோ?"

"அவங்களை அந்தக் கூட்டத்துக்குள்ளயே விடலை. விடுதியில காத்திருந்தாங்க."

வசந்தி புத்தகத்தை மூடிவிட்டாள். "தங்கட நாட்டைப் பற்றிக் கதைக்கேக்க, வெளியில இருந்தவையோ?"

ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே நான் நடத்திய பாடம். அந்த விடுதியில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருநாளும் நினைத்ததில்லை. ஸ்கார்பரோ தாண்டுவதற்குள் எது காரணம், எது விளைவு என்று எனக்கே குழம்பிவிட்டது.

10.30. குடியுரிமை அலுவலகம். அவள் உள்ளே போனாள். எனக்கு வெளியே ஒரு நாற்காலி.

11.15. முகம் சிவந்து வந்தாள்.

"ரீச்சர், பிழை விட்டிட்டன். அகதி விசாரணையில, கண்ணால கண்டதை மட்டும் சொல்லோணும் எண்டு லோயர் சொல்லித் தந்தவர். இந்த அதிகாரி ஐரோப்பாவில ஏன் சண்டை வந்தது எண்டு கேக்க, 'நான் அங்க நிக்கேல்ல சேர், தெரியாது' எண்டிட்டன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அப்புறம்?"

"பேந்து சிரிச்சுப்போட்டு, படிச்சதைச் சொல்லுங்கோ எண்டவர். நீங்கள் சொன்னதை ஒண்டும் விடாமச் சொன்னன். கனடா எப்ப சண்டைக்குப் போனது எண்டார். முப்பத்தொன்பது, செப்ரெம்பர் பத்து எண்டன். பாஸாம் ரீச்சர்! சத்தியம் எடுக்கக் கடிதம் வருமாம்."

அந்த வாசலிலேயே இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். அழுகை ஓய்வதற்குள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"வாறன் அக்கா. கடிதம் வந்து, பாஸ்போர்ட் வந்த உடன வாறன்."

மறுமுனையில் மெலிந்த குரல்: "வந்தா எத்தினை நாள் நிப்பாய்?"

வசந்தி போனைக் கையால் பொத்தினாள். "ரீச்சர், கனடாக்காரி எண்டா ஊருக்குப் போக வீசா எடுக்கோணுமாமே. எவ்வளவு நாள் குடுப்பினம்?"

மகளின் தோழி கனடா பாஸ்போர்ட்டில் இலங்கைக்குப் போய்வந்ததால் எனக்குத் தெரியும். "முதல்ல முப்பது நாள்."

பிறந்த ஊருக்கு முப்பது நாள். இது அவளுக்குக் கிடைத்ததா, போனதா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த வியாழன் நான் திருச்சிக்குத் திரும்புகிறேன். அங்கே என்னை யாரும் எத்தனை நாள் என்று கேட்கப்போவதில்லை.

வசந்தி போனிலிருந்து கையை எடுத்தாள்.

"கன நாள் நிப்பன் அக்கா," என்றாள்.