கராச்சி ஒரு சாண் தூரம்

இப்போது விமானத் தூரத்தை எல்லாரும் மணிக்கணக்கில் சொல்லிவிடுகிறார்கள். என் இளவயதில் எங்கள் கல்கத்தா வீட்டில் அதைக் கணக்குப் போட்டபோது ரத்தம் வந்தது.

வைகாசி வெயில். அப்பா விடியற்காலையில் இறந்துபோனார். கராச்சியில் வேலையிலிருந்த அண்ணாவிடமிருந்து மத்தியானமே பதில் தந்தி: விமானத்தில் கிளம்புகிறேன், கொள்ளி வைக்கக் காத்திருங்கள். மூத்த பிள்ளை அவன். ரயிலென்றால் நாள்கணக்காகும். விமானமோ புதுசு, எங்களில் யாரும் ஏறியதில்லை.

கிடர்பூர் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த சித்தப்பா சுவரிலிருந்த இந்தியப் படத்தின்மேல் கையை விரித்தார். கட்டைவிரல் கராச்சியில், சுண்டுவிரல் கல்கத்தாவில்.

"ஒரே சாண். ராத்திரி பூராப் பறந்தா விடியறச்சே தம்தம் விமான நிலையத்திலே இறங்கிடுவான்."

நம்பினோம். ரயில் ராத்திரியில் ஓடுகிறதே. பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் கைவண்டியில் ஐஸ் பாளங்கள் கொண்டுவந்து போட்டார்.

விடிந்தது. வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. அண்ணா வரவில்லை. ஐஸ் உருகிப் படியிறங்கி டிராம் ஓடும் தெருவரை போயிற்று. ஈக்கள் வந்தன.

"இனிமே வெச்சிண்டிருக்கப்படாது," என்றார் காரியம் செய்விக்க வந்த வாத்தியார், அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"தூக்குங்கோடா," என்றார் சித்தப்பா.

அக்கா அப்பாவின் குறுக்கே விழுந்தாள். "விடியறச்சே வந்துடுவான்னேளே. எங்கே சித்தப்பா உங்க சாண்? கையை இன்னொரு தரம் விரிங்கோ, பாப்போம்."

சித்தப்பா அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். நான் அவர் வாயில் குத்தினேன். அவர் பல் என் விரல்முட்டியைக் கிழித்தது. அவர் என்னைச் சுவரில் மோதினார். படம் அறுந்து விழுந்தது. ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி ஈரத்தில் வழுக்கி அப்பாவின்மேலேயே விழுந்தோம். போர்வை விலகி அவர் கை வெளியே வந்தது. பச்சையும் கறுப்புமாக, ஊதிப்போய்.

அக்கா அதைப் பார்த்தாள். எழுந்தாள். "எடுத்துண்டு போங்கோ," என்றாள்.

காளிகாட் மயானத்தில் எனக்குத் தலையை மழித்தார்கள். நான் கொள்ளி வைத்தேன். மண்டை வெடித்த சத்தத்தில் மரத்துக் காக்கைகளெல்லாம் எழும்பின.

மறுநாள் காலை அண்ணா வந்தான். என் மொட்டைத் தலையைப் பார்த்தான். ஒரு கையில் பெட்டி இருக்க, மறு கையால் என்னை அறைந்தான். காது அடைத்துக்கொண்டது.

"இருட்டினா பறக்க மாட்டானாம்," என்றான். "ஜோத்பூர்லே இறக்கிவிட்டு, சாப்பிட்டுத் தூங்குங்கறான். பைலட் சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன். நாலு பேர் தூக்கி வெளியிலே போட்டா. அப்புறம் தில்லி, அலகாபாத்னு வழியெல்லாம் நின்னு எண்ணெய் குடிச்சுது, சனியன். அலகாபாத்லே இன்னொரு ராத்திரி."

சித்தப்பா வீங்கிய உதட்டை நக்கிக்கொண்டார்.

அன்றுதான் எலும்பு பொறுக்க வேண்டும். மயானத்துக்குப் போனோம். சிதையில் மேலே சாம்பல், உள்ளே கனல். வாத்தியார் பால் செம்பைத் தேடினார். "பாலை விட்டு ஆறினப்பறம் எடுக்கலாம். சித்தே பொறுங்கோ."

"இன்னுமா?" என்றான் அண்ணா.

வெறும் கையை உள்ளே விட்டான். தோல் பொசுங்கி நாறியது. எடுத்த எலும்பைச் சட்டியில் போடவில்லை. கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். நானும் சித்தப்பாவும் சேர்ந்து இழுத்தும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை.