மைக் அருகே பேசியவன்

ஞாயிறு, பிற்பகல் மூன்றே கால். அமெரிக்காவின் டுலூத் நகரில், பட்டப்பகலில் நடந்தது இது. நம்பாதவர்கள் வெர்னின் மனைவி லோர்னாவைக் கேட்கலாம். அவளும் தன் காதால் கேட்டாள்.

வெர்ன் கணினி முன் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். முந்தின இரவு ஃபார்கோ நகர மதுக்கூடம் ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பதிவு செய்தவன் நண்பன் ஆர்லன். காலையில் விடுதியிலிருந்தே அதை இணையத்தில் ஏற்றிவிட்டு, ஊர் திரும்பப் பனியில் காரைக் கிளப்பியிருந்தான். ஃபிளாக் கோப்பு, ஒலியில் எதையும் இழக்காதது. கூடவே அதன் கைரேகை எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் ஒத்துப்போகாது. கச்சேரிகளைப் பதிவு செய்து தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் இந்தக் கூட்டத்துக்கு அதுதான் சத்தியம். மைக் பக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது இன்னொன்று. முப்பது வருடத்தில் ஆர்லன் இருமியதுகூட இல்லை.

பதினோராவது நிமிடம். மெதுவான பாட்டு. அதன் அடியில் ஏதோ...

டக்... டக்...

கார் வைப்பர் மாதிரி.

பிறகு, காதுக்கு மிக அருகில்:

"வெர்ன்..."

வெர்ன் சிரித்துவிட்டான். "லோர்னா, கேளு இத! ஊரையே வாயப் பொத்துன்னு மெரட்டுவான். அவனே மைக்ல பேசியிருக்கான்!"

"அப்ப உங்க கூட்டத்துல அவனுக்கு ஆயுள் தண்டனதான்," என்றாள் சமையலறையிலிருந்து.

பின்னுக்கு நகர்த்தி மறுபடி ஓடவிட்டான்.

டக்... டக்...

"வெர்ன்... கதவு திறக்கல..."

முதல் தடவை கேட்டபோது இந்த வார்த்தைகள் இல்லை.

லோர்னா வந்து ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். உடனே கழற்றினாள்.

"ஆர்லன்தான். அவனுக்குப் போன் பண்ணு."

"ஓட்டிட்டிருப்பான். கோப்பு கெட்டிருக்கு. சரிபாத்துடறேன்."

"கோப்பு கெடக்கட்டும் வெர்ன்!"

"ரெண்டு நிமிஷம்."

எண் ஒத்துப்போனது. நம்பாமல் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கினான். பெரிய கோப்பு. நாற்பது நிமிடம் ஆனது. மீண்டும் சரிபார்த்தான்.

ஒத்துப்போனது.

ஓடவிட்டான்.

பாட்டு.

வைப்பர் இல்லை.

மூச்சு மட்டும்...

"பனி அள்ளுற வண்டி... நிக்காம போயிடுச்சு..."

பிறகு மூச்சும் இல்லை.

வெர்ன் போனை எடுத்தான். ஆர்லன் எடுக்கவில்லை.

இருட்டிய பிறகுதான் காரைக் கண்டுபிடித்தார்கள். சாலையோரப் பள்ளத்தில், பனிக்குள். நாலு மணி வாக்கில்தான் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

அந்தக் கோப்பை வேறு பலரும் இறக்கியிருந்தார்கள். அதே கைரேகை எண். பதினோராவது நிமிடத்தில் அவர்களுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது. இப்போது வெர்னுக்கும் அப்படித்தான்.

அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்தார்கள். ஆர்லனின் மனைவி கிரெட்டா, வெர்ன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஆர்லனின் போன்.

"ஒன்னத்தான் கூப்பிட்டிருக்கான் வெர்ன். மூணே காலுக்கு. மூணு இருபதுக்கு. அப்புறம் நாலு மணிக்கு. அங்க சிக்னலே கெடையாதாம், எதுவும் போகல." போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "ஒனக்கு எதுவும் கேக்கலதானே?"