தேதி தேதிதான்

நியூஜெர்சிக்கு வந்த பிறகு எங்கள் விசேஷங்களுக்குத் தேதி என்பதே இல்லாமல் போய்விட்டது. பள்ளிக்கூட ஹால் எந்தச் சனிக்கிழமை கிடைக்கிறதோ அன்றைக்குத்தான் பொங்கல். மகனின் பிறந்தநாள் செவ்வாயில் வந்தால் முந்தின சனிக்கிழமையே கேக் வெட்டிவிடுவோம். அந்தப் பழக்கத்தில்தான், நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைவருக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் என்று தெரிந்ததும் வெள்ளிக்கிழமை மதியமே கேக் வாங்கி வைத்தோம்.

அவர் ஜெர்மன்காரர். கேக்கைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. மெழுகுவர்த்தியை ஊதவே மாட்டேன் என்றார். "எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு முன்னால் யாரும் வாழ்த்த மாட்டார்கள். முன்னாலேயே வாழ்த்தினால் அந்த நாளைப் பார்க்கக் கொடுத்து வைக்காது என்பார்கள்." கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி, திங்கட்கிழமை தானே வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். காய்ந்து வரட்டியாகியிருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் புதுக் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதைக் கேள்விப்பட்டு, "அந்தப் பழத்துக்காக பிரீமியத்தில் எவ்வளவு குறைக்கலாம்?" என்று கேலி செய்த மனிதர் இவர். அதைச் சொல்லிக் காட்டினேன். "உங்கள் எலுமிச்சம்பழத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்றார், சிரிக்காமல்.

சுரங்கத் தொழிலாளியின் மகன். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஊரிலிருந்த இன்சூரன்ஸ் கிளையில் பயிற்சிக்குச் சேர்ந்து, எரிந்த கொட்டகைகளையும் வெள்ளம் புகுந்த வீடுகளையும் சைக்கிளில் போய்ப் பார்த்து எழுதியவர். மெல்ல மெல்ல ஏறி மியூனிக் தலைமை அலுவலகத்துக்குப் போனார். கொஞ்ச காலத்துக்கு என்றுதான் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வந்தவர் தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். என் மகனும் அவரிடம்தான் படித்தான். வகுப்பு முடிந்து அழைத்துவரப் போனால் என்னை உட்கார வைத்துக் காபி கொடுக்காமல் விட மாட்டார்.

ஒரு வருடம் பெரும் புயல் அடித்துக் கடலோர வீடுகள் பல முழுகின. அதில் தனியாக வாழ்ந்த ஒரு வயதான அம்மாளின் வீடும் ஒன்று. அந்த அம்மாளின் பாலிசியோ வெள்ளத்துக்கு மறுநாள்தான் தொடங்கியது. ஒரே ஒரு நாள். தொடக்கத் தேதியை ஒரு நாள் முன்னதாகப் போட்டுவிடலாம் என்று தலைவரைச் சுற்றி நின்று கெஞ்சினோம். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தேதி தேதிதான். ஒருவருக்கு மாற்றினால் பிறகு எந்தத் தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"உங்க துரை ரூல்ஸ ஃபாலோ பண்றாரு. நீ ஏன் டென்ஷன் ஆகுற?"

"ரூல்ஸா? அந்தாளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லங்க!"

அந்தக் கோபம் எனக்கு வருடக்கணக்கில் ஆறவில்லை.

தலைவர் ஓய்வு பெற்ற வருடமே அவர் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றிவிட்டிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மாள் ஒன்றையே சொல்வார்: "என் அம்மா எழுபதைப் பார்க்கவில்லை. அக்காவும் பார்க்கவில்லை. நானாவது பார்த்துவிட்டுப் போகிறேன்." எழுபது பிறப்பது ஒரு வியாழக்கிழமை.

அந்த வாரம் திங்கட்கிழமை மதியம் மிளகு ரசம் எடுத்துக்கொண்டு போனேன். வாய் தவறிக்கூட வாழ்த்திவிடக் கூடாது என்று லிஃப்ட்டிலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் அப்போதுதான் அறையை விட்டு வெளியே போனார். உள்ளே மேஜை மேல் ஒரு கேக். தலைவரே சுட்டது, ஓரமெல்லாம் கருகியிருந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்ததால் மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமல் சும்மா நட்டு வைத்திருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வியாழன்வரை தாங்காது.

அவர் குனிந்து மனைவியின் நெற்றியில் முத்தமிட்டு வாழ்த்துச் சொன்னார். குரல் நடுங்கவில்லை. அந்த அம்மாள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல். இன்றைக்கு வியாழனா?"

அவரும் என்னைப் பார்த்தார். ஒரு மனிதர் அப்படிக் கண்ணாலேயே கெஞ்சி நான் கண்டதில்லை.

"வியாழன்தான்" என்றேன். "ஹேப்பி பர்த்டே."

"எழுபது" என்றார் அந்த அம்மாள். தன் கணவர் விரல் நுனியில் தொட்டுக் கொடுத்த க்ரீமைச் சப்பிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் போய்விட்டார்.

சில மாதம் கழித்துக் கல்லறைக்குப் பூ எடுத்துப் போனேன். புதிதாகக் கல் நட்டிருந்தார்கள். பிறந்த தேதி, இறந்த தேதி இரண்டும் உள்ளது உள்ளபடி வெட்டப்பட்டிருந்தன. எழுபதுக்கு இரண்டு நாள் குறைவு. அவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அந்தக் கடலோர வீட்டு அம்மாளும் ஒரே ஒரு நாள்தான் கேட்டார், இல்லையா?" என்றார்.

இத்தனை வருடம் அடைகாத்த கோபத்தை அந்த நேரம் தேடிப் பார்த்தேன். இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.